கன்வேயர் பராமரிப்பில் பாலியஸ்டர் ரவுண்ட் சிலிங்: டிரம்முக்கு உகந்தது, சட்டகத்துக்கு அல்ல

நெய்வேலி போன்ற திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்புக்காக, வயர் ரோப் சிலிங்கின் (சுமையைக் கிரேன் கொக்கியில் மாட்டும் எஃகுக் கம்பிக் கயிறு) இடத்தில் பாலியஸ்டர் ரவுண்ட் சிலிங்கை (அதே வேலைக்கான செயற்கை நூல் வளையம்) வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. டிரம் (கன்வேயர் பெல்ட் சுற்றிவரும் பெரிய உருளை), கியர்பாக்ஸ், மோட்டார், தண்டு ஆகியவற்றைத் தூக்குவதற்கு இதைவிட நல்ல சாதனத்தை நான் பயன்படுத்தியதில்லை. கன்வேயர் சட்டகத்தின் இரும்புத் துண்டுகள், மண்ணை வெட்டி அள்ளும் பக்கெட்டுகள், கேஸ் கட்டிங் (வாயுச் சுடரால் வெட்டுதல்) செய்த தகடுகள் ஆகியவற்றைத் தூக்க இதை எடுக்கவே கூடாது. அவற்றுக்கு அலாய் எஃகுச் சங்கிலி சிலிங்தான் உரியது. ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்திருக்கும் பராமரிப்புக் குழு, எதை எப்போது எடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கிரேன் வந்து நின்ற பிறகு, கைக்குக் கிடைத்ததை மாட்டும் பழக்கத்தால்தான் பெரும்பாலான ஆபத்துகள் நேர்கின்றன.

எங்கள் பகுதியில் இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1961-இல் நெய்வேலியில் முதன்முதலாகப் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட காலத்திலிருந்தே, அதன் மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் இயந்திரங்களுக்குப் பெரும் சோதனையாக இருந்துவருகிறது. மணற்கல் கடினமானது, தொடும் எதையும் அது தேய்த்துவிடும். பெரிய சக்கரத்தில் பக்கெட்டுகள் பொருத்திய வெட்டும் இயந்திரமான பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரின் பற்களும் பக்கெட்டுகளும் தேய்கின்றன. வெட்டிய மண்ணைச் சுமந்து செல்லும் 2,000 மி.மீ., 2,400 மி.மீ. அகல எஃகுக் கம்பி பெல்ட்டுகளின் ரோலர்களும் டிரம்களும் தேய்கின்றன. ஆகவே இங்கே கனமான பொருளைக் கழற்றி மாட்டுவது என்பது எப்போதாவது வரும் பெரிய வேலையன்று, அன்றாட ஷிப்ட் வேலை. அதுவும் கன்வேயர் நிறுத்தப்பட்டிருக்கும் குறுகிய நேரத்துக்குள், பெரும்பாலும் இரவிலோ, வடகிழக்குப் பருவமழைச் சேற்றிலோ முடித்தாக வேண்டிய வேலை.

முதலில் சாதனத்தைப் பற்றி. ரவுண்ட் சிலிங்கில் சுமையைத் தாங்குவது உள்ளே முடிவில்லா வளையமாகச் சுற்றப்பட்டிருக்கும் பாலியஸ்டர் நூல்கள் மட்டுமே. வெளியே தெரியும் வண்ண உறை அந்த நூல்களைக் காக்கிறதே தவிர, சுமையில் எந்தப் பங்கும் எடுத்துக்கொள்வதில்லை. இந்த உண்மையைக் குழுவில் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் ‘மேலே கொஞ்சம்தான் கிழிந்திருக்கிறது’ என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. உறை கிழிந்து உள்நூல் தெரிந்துவிட்டால், எந்த நூல் எவ்வளவு அறுந்திருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்த சிலிங் அந்த நொடியிலேயே வேலையிலிருந்து விலக்கப்பட வேண்டியது. ஊசி நூலால் தைத்தோ இன்சுலேஷன் டேப் சுற்றியோ அதை மீண்டும் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

ஈ.என். 1492-2 என்னும் ஐரோப்பியத் தரத்தின்படி தயாரிக்கப்படும் ரவுண்ட் சிலிங்குகளுக்கு ஒன்றுக்கு ஏழு என்ற பாதுகாப்பு விகிதமும் (அனுமதித்த சுமையைப் போல் ஏழு மடங்கு வரை அறாமல் தாங்கும் வலு), சுமைத்திறனைக் குறிக்கும் நிற வரிசையும் உண்டு. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன், பழுப்பு 6 டன், நீலம் 8 டன், அதற்கு மேல் 10 டன்னிலிருந்து ஆரஞ்சு. வயர் ரோப் சிலிங்கைக் கையில் எடுத்தால் அதில் உள்ள முத்திரையைத் தேடிப் படித்தோ, விட்டத்தை அளந்து அட்டவணையைப் பார்த்தோதான் சுமைத்திறனை அறிய முடியும். ரவுண்ட் சிலிங்கிலோ பத்தடி தள்ளி நின்றே தவறான சிலிங் மாட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்கலாம். இரவு ஷிப்டில், விளக்கு வெளிச்சத்தில், சிக்னல் கொடுப்பவர் தூரத்திலிருந்தே மஞ்சளுக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துக் கையை உயர்த்தி வேலையை நிறுத்துவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. சந்தையில் ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஆறு என்ற விகிதங்களிலும் சிலிங்குகள் விற்கப்படுகின்றன. வெயிலில் சில மாதங்கள் கிடந்த சிவப்பு, புதிய பழுப்பு நிறத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. சிலிங்கில் தைக்கப்பட்டுள்ள நீலச் சீட்டில் அச்சிடப்பட்டிருப்பதே இறுதியானது. அந்தச் சீட்டு இல்லாத சிலிங்கை எடை தெரியாத சரக்காகவே கருத வேண்டும்.

நான் வாங்கிப் பயன்படுத்திய சிலிங்குகளில் என் முதல் குறையும் இந்தச் சீட்டைப் பற்றியதுதான். கிரீஸும் நிலக்கரித் துகளும் கலந்து படியும் எங்கள் பணியிடத்தில், அச்சிடப்பட்ட எழுத்துகள் நூல் பழுதாவதற்கு நெடுங்காலம் முன்பே அழிந்துபோகின்றன. நல்ல நிலையில் உள்ள சிலிங்கை, சீட்டு படிக்க முடியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விலக்குவது வருத்தமாகத்தான் இருக்கும். எனினும் விலக்கித்தான் ஆக வேண்டும். சில தயாரிப்பாளர்கள் சீட்டின் ஒரு பகுதியை உறைக்குள் மடித்துத் தைத்தோ, அதன் மேல் ஒளி ஊடுருவும் மூடி ஒன்றைப் பொருத்தியோ தருகிறார்கள். விலையில் சிறிய வேறுபாடு இருந்தாலும் அதையே கேட்டு வாங்குவது அறிவுடைமை. வரிசை எண் சீட்டிலும், உடன் வரும் சோதனைச் சான்றிதழிலும், நம் பதிவேட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதைச் சரக்கு இறங்கும்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு முறை எங்களுக்கு வந்த சரக்கில் சான்றிதழில் இருந்த எண்ணுக்கும் சிலிங்கில் இருந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டோம்.

இனி, இது சிறந்து விளங்கும் வேலைக்கு வருகிறேன். கன்வேயரின் டிரைவ் டிரம்மின் (பெல்ட்டை இழுத்து ஓட்டும் டிரம்) மேற்பரப்பில் லேகிங் எனப்படும் ரப்பர் உறை ஒட்டப்பட்டிருக்கும். இரு புறமும் நீளும் தண்டில் பேரிங் அமரும் பகுதி துல்லியமாகக் கடைசல் செய்யப்பட்டிருக்கும். வயர் ரோப்பை அந்தத் தண்டில் சுற்றித் தூக்கினால், இழைகளின் தடம் உலோகத்தில் பதிந்துவிடுகிறது. அந்தக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யாமல் பேரிங்கை ஏற்ற முடியாது. ரவுண்ட் சிலிங் தண்டின் மீது தட்டையாகப் படிகிறது, ஒரு கோடும் விழுவதில்லை. எடையும் குறைவு. ஐந்து டன் சிலிங்கை ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு கன்வேயர் ஏணியில் ஏறிவிடலாம். அதே திறனுள்ள வயர் ரோப்பை இருவர் இழுத்துச் செல்ல வேண்டும், அறுந்த கம்பி இழைகள் கையுறையைத் துளைத்து விரலைக் கிழிக்கும். முதன்முதலாக இதைப் பார்த்த மூத்த ரிக்கர் (சுமையைக் கட்டித் தூக்கும் தொழிலாளி) ஒருவர், “புடவைத் துணி மாதிரி இருக்கு, இதை நம்பியா சார் டிரம்மைத் தூக்கப் போறீங்க?” என்று கேட்டார். அவருடைய சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதிலாகச் சான்றிதழை நீட்டாமல், தரையிலிருந்து சற்றே உயர்த்திச் சில நிமிடங்கள் நிறுத்திக் காட்டினோம். அப்படிச் சற்றே உயர்த்தி நிறுத்தி, சமநிலையையும் பிரேக்கையும் கட்டையும் பார்த்துவிட்டுப் பிறகு தூக்குவது, எந்த சிலிங்காக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதுதான்.

ஆனால் டிரம்மைத் தூக்கும்போதுதான் கோணக் கணக்கில் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 6 டன் டிரம்மை இரு முனைகளிலும் கட்டி ஒரே கொக்கியில் மாட்டுவதாகக் கொள்வோம். சிலிங் தரைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் நின்றால், ஒவ்வொன்றிலும் ஏறும் இழுவிசை சுமார் 3.46 டன். 45 பாகையில் அது 4.24 டன் ஆகிறது. 30 பாகைக்குத் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொரு சிலிங்கும் முழு 6 டன்னையும் தாங்க வேண்டிய நிலை வருகிறது. ‘இரண்டு சிலிங், ஆறு டன், ஆளுக்கு மூன்று’ என்று கணக்கிட்டு இரண்டு மஞ்சள் சிலிங்குகளை மாட்டுபவர், இந்த மூன்று நிலைகளிலும் வரம்பை மீறியிருப்பார். இதில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளின் சுவர்ப் படங்கள் பெரும்பாலும் தரைமட்டத்திலிருந்து கோணத்தைச் சொல்கின்றன; சிலிங்கின் சீட்டோ செங்குத்திலிருந்து சொல்கிறது. 45 பாகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் 30 பாகை என்று ஒருவர் சொன்னால், செங்குத்திலிருந்து என்றால் இழுவிசை 3.46 டன், தரைமட்டத்திலிருந்து என்றால் 6 டன். ‘எதிலிருந்து?’ என்று கேட்காமல் பாகையைப் பேசுவதில் பயனில்லை. இதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

கட்டும் முறையும் திறனை மாற்றுகிறது. சிவப்பு ரவுண்ட் சிலிங்கை நேராகத் தொங்கவிட்டால் 5 டன். ஒரு முனையை மறு முனை வழியே கோத்துச் சுருக்குப் போட்டு இறுக்கினால் 4 டன். பொருளுக்கு அடியில் கொடுத்து இரு முனைகளையும் மேலே செங்குத்தாகக் கொக்கியில் மாட்டும் தொட்டில் முறையில் 10 டன். மேலே சொன்ன 6 டன் டிரம்முக்கு இரண்டு சிவப்பு சிலிங்குகளை நேராக மாட்டினால், செங்குத்திலிருந்து 45 பாகை வரை 7 டன் அனுமதி உண்டு, ஆகவே போதும். அதே இரண்டையும் தண்டில் சுருக்குப் போட்டால் அனுமதி 5.6 டன்னாகக் குறைந்துவிடுகிறது, ஆகவே போதாது. தண்டில் கட்ட வேண்டிய இடத்தில் நம் ஆட்கள் இயல்பாகவே சுருக்குத்தான் போடுவார்கள். வழுக்காமல் பிடிக்கும் என்பதால் அதில் நியாயமும் உண்டு. அப்படியானால் நீல நிற 8 டன் சிலிங்கை எடுக்க வேண்டும், இல்லையெனில் ஸ்பிரெடர் பீம் (கொக்கிக்குக் கீழே குறுக்காகத் தொங்கும் எஃகு உத்தரம்) வைத்து இரு பக்கமும் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். கன்வேயர் தலைப்பகுதியில் மேலே சட்டகம் இடிக்கும் என்பதால் கிரேன் பூமை (கிரேனின் நீண்ட கையை) உயர்த்த இடமிருக்காது; சிலிங்கைக் குட்டையாக்கினால் கோணம் படுத்துவிடும். அந்த இடத்தில் ஸ்பிரெடர் பீமைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது இந்தச் சாதனத்தின் பெரிய பலவீனம். சுமை ஏறிய பாலியஸ்டர், கூர்மையான விளிம்பில் படும்போது முன்னறிவிப்பின்றி அறுபடும். வயர் ரோப்பில் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து நமக்கு எச்சரிக்கை தரும். இதில் அந்த அவகாசம் கிடையாது. கூர்மை என்றால் கத்தி போன்ற விளிம்பு மட்டும்தான் என்று நினைக்கக் கூடாது: சுமையேறிய சிலிங்கின் தடிமனைவிட விளிம்பின் வளைவு ஆரம் சிறியதாக இருந்தாலே அதைக் கூர்மையாகக் கொள்ள வேண்டும். அந்த அளவுகோலில் பார்த்தால், நம் சுரங்கத்தில் சேனல், ஆங்கிள், தகடு என்று கண்ணில் படும் எல்லா விளிம்பும் கூர்மையானவையே. தயாரிப்பாளர்கள் தரும் பாலியூரித்தேன் உறை, விளிம்புக் காப்பு ஆகியவற்றைச் சேர்த்தே வாங்க வேண்டும். அவை இல்லாதபோது பழைய பெல்ட்டை வெட்டி அடியில் வைப்பது எங்கும் உள்ள வழக்கம். இதில் நான் கடுமையாக எச்சரிக்க விரும்புவது ஒன்று: எஃகுக் கம்பி பெல்ட்டின் வெட்டுமுனையில் கம்பி இழைகள் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். காப்புக்காக வைத்த துண்டே சிலிங்கின் உறையைக் குத்திக் கிழித்திருப்பதை ஆய்வில் கண்டுபிடித்திருக்கிறோம். துணி அடுக்குப் பெல்ட்டின் துண்டு ஓரளவு பரவாயில்லை, ஆனால் அதுவும் சுமை ஏறும்போது நழுவக்கூடும். கட்டி நிறுத்தாமல் வைக்கக் கூடாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை பாலியஸ்டரின் வரம்பு 100 பாகை செல்சியஸ். அப்போதுதான் வெல்டிங் முடிந்த பகுதி, ஓடி நின்ற பிரேக் டிரம் ஆகியவற்றில் இதைச் சுற்றக் கூடாது. பெல்ட் முனைகளைச் சூட்டில் அழுத்தி இணைக்கும் வல்கனைசிங் அச்சு ஏறத்தாழ 145 பாகையில் இயங்குகிறது. அந்த அச்சின் தகடுகளைச் சூடாக இருக்கும்போதே நகர்த்த வேண்டி வந்தால் சங்கிலிதான் ஒரே வழி. கேஸ் கட்டிங் தீப்பொறிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்: பக்கத்தில் ஒருவர் வெட்டிக்கொண்டிருக்க, சிலிங் தரையில் விரித்துக் கிடந்தால், உறையில் மிளகு அளவு உருகிய துளைகள் விழுகின்றன. பார்வைக்கு அற்பமாகத் தெரியும் அந்தத் துளை உள்நூல் வரை போயிருக்கலாம். சிலிங்கைப் பயன்படுத்தாத நேரத்தில் அது பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

மழையில் இது நன்றாகவே நடந்துகொள்கிறது. நைலான் ஈரத்தில் வலு குறையும். பாலியஸ்டர் கிட்டத்தட்ட குறைவதில்லை. சேற்றோடு வந்த மணல்தான் பகை. மணல் துகள் உறையின் நெசவு வழியே உள்ளே புகுந்து, ஒவ்வொரு தூக்கலிலும் நூல்களுக்கிடையே உரசுகிறது. வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். காரத் தன்மையுள்ள சலவைப் பொருள்கள் பாலியஸ்டரை அரிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லையே என்று அவற்றைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். உலர்ந்த பிறகு முழு நீளத்தையும் இரு கைகளால் அழுத்தித் தடவிப் பார்ப்பதுதான் ரவுண்ட் சிலிங்குக்கான உண்மையான ஆய்வு. கட்டி தட்டினாலோ, ஓரிடத்தில் மெலிந்து தெரிந்தாலோ, விறைப்பாக உணர்ந்தாலோ அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். தகுதி பெற்றவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆய்வு செய்ய வேண்டும் என்பது பொது நடைமுறை. எங்கள் மணலுக்கும் வெயிலுக்கும் ஓராண்டு என்பது மிக நீண்ட இடைவெளி என்பது என் உறுதியான கருத்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறோம். ஆய்வு முடிந்ததைக் காட்ட, காலாண்டுக்கு ஒரு நிறமாக டேப் ஒட்டும் வழக்கம் பல தொழிற்சாலைகளில் உண்டு. ரவுண்ட் சிலிங்குக்கு அது பொருந்தாது, ஏனெனில் இங்கே நிறம் ஏற்கனவே சுமைத்திறனைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாங்கள் எண் பொறித்த சிறிய வில்லையைச் சீட்டின் ஓரத்தில் கட்டுகிறோம்.

சங்கிலியோடு ஒப்பிடாமல் இந்த மதிப்பீடு நிறைவடையாது. கிரேடு 80 அலாய் எஃகுச் சங்கிலியில் 10 மி.மீ. தடிமன் கண்ணிகள் கொண்ட ஒற்றைக் காலுக்கு (கொக்கியிலிருந்து தொங்கும் ஒரு சங்கிலி) 3.15 டன், இரு கால் சிலிங்குக்குச் செங்குத்திலிருந்து 45 பாகை வரை 4.25 டன் சுமைத்திறன். எடை அதிகம், விலையும் மிக அதிகம், டிரம்மின் லேகிங்கைக் கிழித்துவிடும். ஆனால் பக்கெட்டின் விளிம்பிலும் சட்டகத்தின் மூலையிலும் அது தாக்குப்பிடிக்கிறது. தேய்மானம் வெளிப்படையாகத் தெரிகிறது, அளவியை வைத்துப் பார்த்தால் போதும். கண்ணியின் விட்டம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வயர் ரோப் சிலிங்குகளை நாங்கள் முற்றிலும் ஒழித்துவிடவில்லை. பணிமனையிலேயே யூ கிளாம்ப் (யூ வடிவப் பிடிப்பான்) போட்டு முனையில் கண் வளையம் வைத்துத் தயாரித்துக்கொள்ளும் சிலிங்குகளை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டோம்.

கொக்கியிலும் கவனம் தேவை. ரவுண்ட் சிலிங் விரிந்து படிய இடம் வேண்டும். சிறிய செயின் பிளாக்கின் (கையால் இழுத்துத் தூக்கும் சங்கிலிக் கப்பி) குறுகிய கொக்கியில் இரண்டு சிலிங்குகளைத் திணித்தால், நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஒரு பக்க நூல்களே முழுச் சுமையையும் வாங்குகின்றன. இடையில் ஒரு வில் வடிவ ஷேக்கிளை (ஆணியால் மூடப்படும் எஃகு இணைப்பு வளையம்) கோத்து, அதன் அகன்ற வளைவில் சிலிங்குகளை அமர்த்துவது சரியான முறை. நீளம் அதிகமாக இருக்கிறதே என்று முடிச்சுப் போடுவதும், இறக்கிய டிரம்முக்கு அடியில் சிக்கிய சிலிங்கைக் கிரேனாலேயே இழுத்து எடுப்பதும் ஒரே வேலையில் புதிய சிலிங்கைக் கழிவாக்கிவிடும். டிரம்மை இறக்கும் இடத்தில் இரண்டு மரக்கட்டைகளை முன்பே போட்டு வைத்தால் இழுக்கும் தேவையே வராது.

வாங்கப் போகிறவர்கள் விற்பனையாளரிடம் நீளத்தைப் பற்றித் தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். ரவுண்ட் சிலிங்கின் நீளம் என்று தரத்தில் சொல்லப்படுவது செயற்பாட்டு நீளம். வளையத்தின் சுற்றளவு அதைப்போல் இரு மடங்கு. 4 மீட்டர் என்று மட்டும் எழுதி அனுப்பினால், சுற்றளவு 4 மீட்டர் கொண்ட, கொக்கியிலிருந்து பொருளுக்கு 2 மீட்டர் மட்டுமே எட்டும் சிலிங் வந்து சேரக்கூடும். அதை வைத்துக்கொண்டு அகலமான டிரம்மைத் தூக்கப் போனால், மேலே சொன்ன 30 பாகைக்கு நம்மை அறியாமலேயே வந்துவிடுவோம். எங்கள் அடுத்த கொள்முதலில் 8 டன் நீல சிலிங்குகளைச் செயற்பாட்டு நீளம் 4 மீட்டர், 6 மீட்டர் என இரு அளவுகளில், ஒவ்வொன்றுக்கும் நகர்த்தக்கூடிய பாலியூரித்தேன் உறையோடும் மூடியிட்ட சீட்டோடும் கேட்டிருக்கிறோம்.